கோல்கொண்டா உச்சியில் கேட்டது

பாஸ்டன் நகரத்துக்கு சுபாஸ்ரீ ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனால் அங்கிருக்கும் பழைய தேவாலயம் எப்போது திறக்கும், எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் சக்கர நாற்காலி போகாது என்றெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அந்த ஊரின் புராதன இடங்களைச் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கான மொபைல் ஆப்பை ஹைதராபாத்தில் ஒரு சின்ன அலுவலகம்தான் கவனித்துக்கொண்டது. அங்கே அவள் டீம் லீட்.

அந்த அலுவலகத்தை மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்த நேரத்தில் பாஸ்டனிலிருந்து மேலாளர் லிண்டா வந்தார். மீட்டிங்கில் பிடி கொடுக்கவில்லை. சனிக்கிழமை கோல்கொண்டா கோட்டையைப் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

சுபாஸ்ரீக்கு வேலை போகக்கூடாது. கணவன் கணேஷ்குமாருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய அக்கா சிறுநீரகம் தர ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் ஆபரேஷன். எல்லாமே அவள் அலுவலக இன்சூரன்ஸை நம்பித்தான்.

கோட்டைக்கு வர்ஷினியும் வந்தாள். ஹைதராபாத்தின் திருமுல்கேரிப் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். அந்த ஆப்பில் பாதி அவள் எழுதியது. ஏறும் வழியில், லிண்டா நின்று படம் எடுத்த நேரத்தில், சுபாஸ்ரீயின் காதருகே சொன்னாள்:

"நம்ம எல்லாருக்கும் சேத்துப் பேசுங்க அக்கா. நான் இங்கயே உக்காந்துக்கறேன். தனியா இருந்தா அவங்க மனசு விட்டுப் பேசுவாங்க."

உச்சியில் வெயில் கல்லைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. லிண்டா கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பரந்த ஊரைப் பார்த்தார்.

"நீ எதற்குக் கூடவே வந்தாய் என்று தெரியும், சுபா," என்றார் ஆங்கிலத்தில். "முடிவு போன வாரமே ஆகிவிட்டது. மாதக் கடைசியோடு மூடுகிறோம்."

டீமைப் பற்றிப் பேச அவள் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு லிண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மட்டுமாவது வச்சுக்கோங்க. என் புருஷனுக்கு ஆபரேஷன் முடியறவரைக்கும். அப்புறம் நானே போயிடறேன்."

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை விடவில்லை. இதுவரை யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை.

லிண்டா சொன்னார்: "வேலையைக் கைமாற்றித் தர ஒருவரை மட்டும் மூன்று மாதம் வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. அதற்கு வர்ஷினி பெயரைக் கொடுத்திருந்தேன். மாற்றட்டுமா?"

சுபாஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாத்துங்க," என்றாள்.

இருவரும் இறங்கி வந்தார்கள். வர்ஷினி எழுந்து ஓடிவந்தாள். லிண்டா முன்னால் நடந்துவிட்டார்.

"பேசினீங்களா அக்கா?"

மறைத்துவிடலாம். திங்கட்கிழமை எப்படியும் தெரிந்துவிடும். சுபாஸ்ரீ நடந்ததைச் சொன்னாள், பெயர் மாறியது உட்பட.

"கைக்கு அக்கா?" ஏன் என்பதை ஹைதராபாத் உருதுவில் கேட்ட வர்ஷினியின் குரல் எழும்பவேயில்லை. "எங்களுக்காக ஒரு வார்த்தைகூடக் கேக்கலையா?"

"கேக்கத்தான் ஏறினேன். எங்க வீட்டுக்காரர் முகம்தான் முன்னால நின்னுது. வேற எதுவுமே தோணலடி."

"எங்க வீட்லயும் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். அது உங்களுக்குத் தெரியும்."

தெரியும். வர்ஷினி வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போனாள். சுபாஸ்ரீ லிண்டாவை ஓட்டலில் இறக்கிவிட்டு, குகட்பள்ளி வீட்டுக்குப் போய், கணவனிடம் வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அவன் அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அவளுக்கு அந்தக் கையைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டுக்கு மாற்றிய அன்று, அலுவலகத்துப் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள்.

"வர்ஷினி வரலையா?" என்றான் கணேஷ்குமார்.

"வேலை தேடிட்டிருக்கா," என்று சொல்லிவிட்டு அவள் வராந்தாவுக்கு வந்து, வர்ஷினியின் எண்ணுக்கு மறுபடியும் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.