இறங்காதவரோடு சேர்த்து விலை

ஒரு கணவரின் விலை இருபத்துமூன்று லட்சத்து நாற்பதாயிரம். அதில் அவர் உட்கார்ந்திருந்த டிராக்டரும் அடக்கம். தனித்தனியாக விற்றிருந்தால் டிராக்டருக்குப் பதிமூன்றுக்கு மேல் ஒரு பைசா தேறியிருக்காது, கணவரை யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது ஏலக்காரரின் கணிப்பு. பழைய டிராக்டர் சேகரிப்பவர்கள் நடுவே அந்த வருடம் கிறுக்கு உச்சத்தில் இருந்தது. ஓடாத வண்டிக்கு ஓடுகிற வண்டியைப் போல நான்கு மடங்கு கொடுத்தார்கள். பெயின்ட் உரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள், உரிந்தது அசல் பெயின்டாக இருக்கும் பட்சத்தில்.

அந்தக் கணவர் டிராக்டரில் ஏறி அப்போது நாற்பத்தொரு வருடம் ஆகியிருந்தது. வண்டி கம்பெனியிலிருந்து பாதி பிரித்த நிலையில் மரப்பெட்டிகளில் வந்தது. மெக்கானிக்குக் கூலி கொடுப்பானேன் என்று இவரே இரும்பு சீட்டைப் பொருத்தி, நான்கு போல்ட்டையும் முறுக்கி, ஏறி உட்கார்ந்து, ஆறு ஏக்கரைக் கூலிக்கு உழுதுவிட்டுச் சாயங்காலம் இறங்கப் பார்த்தார். முடியவில்லை. மறுநாள் செயின் புல்லி கட்டி நான்கு பேர் இழுத்தார்கள். டிராக்டரும் கூடவே எழுந்தது. சீட்டையே கழற்றி ஆளோடு வீட்டுக்குள் கொண்டு போய்விடலாம் என்று மெக்கானிக் ஸ்பேனரோடு வந்தபோதுதான் அவர் முதல்முறையாகக் கத்தினார். "போல்ட்டுல கை வெச்சே, கையை உடைச்சிடுவேன்! நான் மாட்டின சீட்டுய்யா இது." அதற்குப் பிறகு யாரும் ஸ்பேனரோடு கிட்டப் போகவில்லை. ஊர் அவருக்கு இறங்காதவர் என்று பெயர் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனது.

அவர் மனைவிக்குக் கடைத்தெருவில் பொத்தான் கடை. பொத்தான், ஜிப், ஊக்கு, நூல்கண்டு. ஒரு கைப்பிடி பொத்தானை உள்ளங்கையில் வைத்தே எத்தனை என்று சொல்லிவிடுவாள், இரண்டு கூடலாம், குறையாது. கல்யாணத்துக்கு வாங்கிய இரட்டைக் கட்டிலில் இடது பாதி அவளுடையது. வலது பாதி மெத்தையில் பள்ளம் விழவே இல்லை. அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை அதுதான். டிராக்டர் உழுகிற காலத்தில் சாப்பாட்டை அண்ணாந்து கொடுத்தாள், மழைக்காலத்தில் அவர் முழங்கையில் பிடித்த துருவைச் சுரண்டி கிரீஸ் தடவினாள். இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்து வெளியூருக்கும் போய்விட்டார்கள். அது எப்படி என்று கேட்டவர்களுக்கு மட்கார்டின் அகலத்தைக் கையால் காட்டிவிட்டு, "வேற என்ன வேணும், ஊக்கா நூலா?" என்பாள்.

என்ஜின் நின்ற பிறகு பதினோரு வருடம் வண்டி கொட்டகையில் கிடந்தது, அவரும் அதன்மேல் கிடந்தார். அப்போதுதான் ஏலக்காரர் பட்டியல் எழுத வந்தார். டார்ச் அடித்து அடியில் படுத்துப் பார்த்தார். ரேடியேட்டர் அசல், விளக்கு அசல், சக்கரம் அசல் என்று எழுதிக்கொண்டே மேலே வந்தவர் இறங்காதவரின் முகத்தில் டார்ச்சை நிறுத்தினார்.

"ஐயா எப்போலேர்ந்து இதுல இருக்காரு?"

"வண்டி வந்த அன்னிலேர்ந்து," என்றாள்.

"நடுவுல மாத்தலையே?"

"மாத்த விட்டாத்தானே."

ஏலக்காரர் 'ஓட்டுநர்: அசல்' என்று எழுதி அடிக்கோடிட்டார். உலகத்தில் இந்த மாடலில் மீதி இருப்பது ஏழு வண்டி, முதல் ஓட்டுநரோடு இருப்பது இது ஒன்றுதான் என்றார். ஒரே ஒரு நிபந்தனை, ஏல நாளில் வண்டியின் மேல் என்ன இருக்கிறதோ அது வாங்கினவருக்குச் சொந்தம். அவள் இரண்டு நாள் யோசித்துக் கையெழுத்துப் போட்டாள். "நாப்பத்தொரு வருஷமா என்னால இறக்க முடியல. துட்டு கொடுத்து வாங்குறவனாவது இறக்கிடுவான், அப்புறம் வீட்டுக்கு வந்துதானே ஆகணும்" என்பது அவள் கணக்கு. சேகரிப்பவர்கள் வாங்கினதில் ஒரு திருகாணியைக்கூட இறக்க மாட்டார்கள் என்பது பொத்தான் வியாபாரத்தில் இருந்தவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஏலத்தில் போட்டி இரண்டு பேருக்குள். ஒருவர் டைல்ஸ் கம்பெனி முதலாளி, இன்னொருவர் பல் டாக்டர். பத்து லட்சம் வரை இறங்காதவர் கூச்சத்தோடு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்தில் தலையை வாரிக்கொண்டார். இருபதில் முதலாளி தயங்கியபோது அவரே மேலிருந்து குரல் கொடுத்தார். "என்ன சார், நிறுத்திட்டீங்க? என் முதுகைப் பார்த்தீங்களா? ஒரு வளைவு இருக்கா?" தன் வாழ்நாளில் தனக்கு ஒருவர் விலை சொல்லிக் கேட்டது அதுவே முதல்முறை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவி, "வாயை மூடிட்டு உக்காருங்க" என்றாள். உட்காருவதைத் தவிர அவருக்கும் வேறு வழியில்லை. இருபத்துமூன்று நாற்பதில் சுத்தியல் விழுந்தது. பல் டாக்டர் லாரி கொண்டுவந்து வண்டியையும் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

டாக்டரின் கண்ணாடிக் கூடத்தில் பதினான்கு டிராக்டர்கள் நின்றன. மற்ற பதிமூன்றும் காலி சீட். வாரம் ஒருமுறை ஒரு பெண் வந்து வண்டியையும் அவரையும் ஒரே துணியால் துடைத்துவிட்டுப் போவாள். பேசக் கூடாது என்று உத்தரவு, எச்சில் தெறித்தால் பெயின்ட் கெடும். மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வந்து, நுழைவுச் சீட்டு வாங்கி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று புருஷனைப் பார்த்துவிட்டுப் போனாள். நான்கு மாதத்தில் அவர் இளைத்துவிட்டார். "விலை அதிகம்னு சந்தோஷமா இருந்தேன்டி," என்று ஒருநாள் மெல்லச் சொன்னார், "விலை அதிகமான பொருளை யாரும் தொடவே மாட்டேங்கிறாங்க."

ஆறாவது மாதம் டைல்ஸ் முதலாளி ஐம்பது லட்சம் தருகிறேன் என்றார், எல்லாம் அசல் என்று பழைய டிராக்டர் சங்கத்தின் சான்றிதழ் இருந்தால். சங்கத்திலிருந்து சோதனைக்காரர் பூதக்கண்ணாடியோடு வந்தார். எல்லாம் அசல். கடைசியாக சீட்டுக்கு அடியில் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். நான்கு போல்ட்டில் மூன்றின் தலையில் கம்பெனியின் நட்சத்திர முத்திரை. நான்காவது மொட்டைத் தலை.

"இது யார் போட்டது?"

நாற்பத்தொன்றரை வருடம் ஸ்பேனரைக் கிட்ட விடாத மனிதர் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். சீட் மாட்டும்போது ஒரு போல்ட் கைதவறி எங்கேயோ உருண்டுவிட்டது. தேடினால் பக்கத்து வீட்டுக்காரன் சிரிப்பான். கையில் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட்டு முறுக்கிவிட்டார். கழற்றினால் குட்டு வெளிப்படும். அவ்வளவுதான் சமாச்சாரம். சோதனைக்காரர் சான்றிதழில் குறுக்குக் கோடு போட்டார். அன்று மாலைக்குள் ஐம்பது லட்சம் பதினெட்டாக இறங்கியது.

டாக்டர் காரை எடுத்துக்கொண்டு நேராகப் பொத்தான் கடைக்கு வந்தார். நடந்ததைக் கேட்டவள், அந்த போல்ட் தன் சமையலறையில் இருக்கிறது என்றாள். கொட்டகை பெருக்கும்போது பல வருடத்துக்கு முன் ஒரு தடிமனான போல்ட் கிடைத்து, தூக்கிப் போட மனமில்லாமல் அன்றிலிருந்து அதில்தான் அவள் பூண்டு நசுக்கினாள். தலையில் நட்சத்திரம் இருந்தால் பூண்டுத் தோல் சுலபமாக உரியும்.

"விலை சொல்லுங்கம்மா. ஒரு லட்சம்?"

"என் வீட்டுக்காரரைக் கொடுத்துட்டு எடுத்துக்குங்க."

"அவரை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கேனேம்மா!"

"போல்ட்டை நான் காசு கொடுக்காம வெச்சிருக்கேன். எனக்கு அவசரமில்ல. ராத்திரிக்குப் பூண்டு நசுக்கணும், அவ்வளவுதான்."

டாக்டர் சங்கத்தின் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். போல்ட் என்பது பாகம், ஓட்டுநர் என்பது கூடுதல் அலங்காரம். தவிர, புல்லி வைத்து இழுத்தும் வராத ஆள் இனி எங்கே போய்விடப் போகிறார்? ஆளும் நிற்பார், போல்ட்டும் வரும். மனதுக்குள் சிரித்துக்கொண்டு, 'இறக்க முடிந்தால் கூட்டிக்கொண்டு போகலாம்' என்று பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவள் அதை இரண்டு முறை படித்து, தேதி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டி, எழுதவைத்து வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் கண்ணாடிக் கூடத்தில் சோதனைக்காரர் போல்ட்டை முகர்ந்து பார்த்தார். வாசம் அசல் இல்லை என்றாலும் முத்திரை அசல். மொட்டைத் தலையைக் கழற்றிவிட்டு நட்சத்திரத்தை மாட்டினார்கள். கடைசி அரைச் சுற்றில் 'டக்' என்று ஒரு சத்தம். இறங்காதவர் தும்மினார். பிறகு சீட்டை விட்டு ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தார், வாசல்வரை போனார், திரும்பி வந்தார். எல்லாம் உட்கார்ந்த நிலையிலேயே, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், கீழே ஒன்றும் இல்லாமல்.

"கீழ வர மாட்டேங்குதுடி," என்றார்.

"வீட்டுக்கு வந்தா போதும்," என்று அவள் பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, அவர் சட்டையின் இரண்டாவது பொத்தானில் கட்டினாள். அந்தப் பொத்தான் அவள் கையால் தைத்தது, பிய்ந்து வராது. பஸ்ஸில் கண்டக்டர் அவருக்கு டிக்கெட் கிழிக்கவில்லை. சீட் பிடிக்காதவருக்குக் காசு எதற்கு என்றுவிட்டார். டாக்டருக்குச் சான்றிதழ் கிடைத்தது. ஆனால் ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு முதலாளி பதிமூன்றுக்கு மேல் அசையவில்லை. பிறகு டாக்டர் மொட்டைத் தலையைத் திரும்ப மாட்டி, ஆஸ்பத்திரி வேலையாட்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். எல்லோரும் டீ வேளைக்குச் சரியாக இறங்கிவிட்டார்கள்.

கட்டில் அவருக்கு இரண்டடி தாழ்வாக இருந்தது. மறுநாளே செங்கல் வந்து இறங்கியது. அந்த வாரம் பொத்தான் கடை நோட்டில் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியது இது. வரவு, இருபத்துமூன்று லட்சத்து நாற்பதாயிரம். செலவு, ஏலக்காரர் கமிஷன் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து இருநூறு, கட்டில் காலுக்கு வைக்க அறுபத்துநான்கு செங்கல் ஐந்நூற்று எழுபத்தாறு, தான் கட்டிலில் ஏற ஒரு சின்ன ஏணி அறுநூற்றைம்பது, நூல்கண்டு நாற்பத்தைந்து, பஸ் போக வர எழுபத்தாறு, பூண்டு நசுக்கப் புதிதாக ஒன்று நூற்றிருபது. கையிருப்பு, இருபத்தொரு லட்சத்து ஐம்பத்தோராயிரத்து முந்நூற்று முப்பத்துமூன்று. போல்ட் ஒன்று, கொடுத்தது. கணவர் ஒன்று, திரும்பி வந்தது, செருப்பு தேயவில்லை. கட்டிலின் வலது பாதிக்கு நாற்பத்தொன்றரை வருடப் பாக்கி, தவணையில் வசூலாகிக்கொண்டிருக்கிறது.