புதுத்துறை நகரமான காலை

1961 மார்ச் முதல் தேதி திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் சூரியன் ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு உதித்தது. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள புதுத்துறையில் பவுனம்மாளுக்கு அதுவரை பிரசவம் ஆகவில்லை என்பதே காரணம்.

அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருடம். லட்சம் பேர் இருந்தால்தான் சர்க்கார் ஓர் ஊரை நகரம் என்று எழுதும். ஒரு தலை குறைந்தாலும் இன்னும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். நகரமானால் பிரசவ ஆஸ்பத்திரி தருவதாகப் புதுத்துறைக்கு வாக்கு கிடைத்திருந்தது. பவுனம்மாள் தன் முதல் பிள்ளையை, கொள்ளிடம், காவிரி இரண்டு ஆறுகளையும் தாண்டித் திருச்சிக்குப் போகும் வழியில், மாட்டுவண்டியிலேயே பறிகொடுத்தவள். அப்படிப் பறிகொடுக்காத தெரு அங்கே இல்லை. கணக்கெடுப்புக்குப் பொறுப்பான பள்ளி ஆசிரியர் அற்புதசாமி பிப்ரவரியில் எண்ணி முடித்தபோது லட்சத்துக்கு ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார், அப்போதும் குறைந்தது. மார்ச் முதல் தேதி சூரியன் உதிக்கையில் உயிரோடு இருப்பவர்கள்தான் கணக்கு என்பது விதி. பவுனம்மாளுக்கோ முந்தின நாள் மாலையே வலி கண்டிருந்தது.

ஆறு மணிக்குக் கிழக்கு சிவந்தது, சிவந்தபடியே நின்றுவிட்டது. திருச்சி காந்தி மார்க்கெட்டில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கத்தரிக்காய் வழக்கமான விலைக்கே போயிற்று. ஸ்ரீரங்கத்தில் விடிகாலை விஸ்வரூப தரிசனம் முடிந்து கொட்டிலுக்குத் திரும்பிய கோயில் யானை, பொழுது இருக்கிறதென்று மறுபடி படுத்துக்கொண்டது. பிள்ளைகள் அரிக்கேன் விளக்கோடு பள்ளிக்கூடம் போனார்கள்.

பவுனம்மாளின் வாசலில் அவள் புருஷன் வீரமலை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் அற்புதசாமி படிவத்தோடு நின்றார். மருத்துவச்சி வஹீதா வெந்நீருக்காக வெளியே வந்தபோது, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்டார்.

"புள்ள வர்றப்ப வரும் சார். கெழக்க பாருங்க, அதுவே பேசாம நிக்குது. நீங்க எதுக்குப் பறக்குறீங்க?"

உள்ளேயிருந்து பவுனம்மாள் குரல் கொடுத்தாள். "சார், நான் கணக்குக்காகப் பெக்கல. இது எனக்கு உசுரோட வேணும்."

அற்புதசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். அதன் பிறகு அவர் ஜெபித்தது அந்தப் பிள்ளைக்காக மட்டும்தான்.

ஒன்பது ஒன்பதுக்குக் குழந்தை அழுதது. மறு நிமிடம் சூரியன் எழுந்து, தாமதத்தை ஈடுகட்ட விறுவிறுவென்று ஏறி, மதியத்துக்குள் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

அற்புதசாமி படிவத்தை மறுபடி எடுத்தார். "பேரு இன்னும் வெக்கலையே சார்," என்றான் வீரமலை. அவன் கண்கள் நிறைந்திருந்தன.

"மெதுவா வைங்க. பொண்ணுன்னு எழுதிக்கிறேன்."

அன்று புதுத்துறையில் வீட்டுக்கு வீடு சர்க்கரை கொடுத்தார்கள். திருச்சிக் கணக்கெடுப்பு அதிகாரி உதய நேரம் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அவரே டார்ச் அடித்துக்கொண்டுதான் ஆபீசுக்கு வந்திருந்தார்.

1964இல் பிரசவ ஆஸ்பத்திரி திறந்தது. இப்போதும் சில நாள் பொழுது பத்து நிமிடம், கால் மணி நேரம் பிந்தும். அக்கரையில் ஸ்ரீரங்கத்துப் பெண்கள் வாசல் தெளித்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். "புதுத்துறையில யாருக்கோ வலி எடுத்திருக்கு," என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைக்காமல் கோலம் போட உட்காருவார்கள்.