மூன்று மீட்டர் பாறை

"நீ போறப்ப நான் வீட்ல இருக்கேன். நான் போறப்ப நீ இரு. ட்ரீனாவுக்கு எப்பவும் ஒருத்தர் இருப்போம்," என்றான் நார்பர்ட்.

"நம்ம ரெண்டு பேருக்கு?"

"நமக்குத்தான் விமானத் திடல் இருக்கே. நீ இறங்குற விமானத்துல நான் ஏறணும். பத்து நிமிஷம் கிடைக்கும். அதுக்குள்ள உன்னால எவ்வளவு திட்ட முடியும், சொல்லு."

பத்து வருடங்களுக்கு முன், கனடாவின் வடக்கே பிளாக் லேக் என்ற ஊரில், எங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பேசியது இது. எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. யுரேனியம் தேடும் முகாமில் எங்கள் இருவருக்குமே வேலை கிடைத்திருந்தது. உறைந்த ஏரியின் மேல் நிற்கும் துளை இயந்திரத்தில் அவனுக்கு; அது மேலே கொண்டுவரும் பாறையை அளந்து குறிக்கும் கொட்டகையில் எனக்கு. இரண்டு வாரம் முகாம், இரண்டு வாரம் வீடு.

அவன் துளைத்த பாறையை நான் அளப்பேன், அவன் முகத்தைத்தான் பார்க்கமாட்டேன். பாறைத் துண்டுகள் மரப்பெட்டியில் வரிவரியாக வரும். மூன்று மீட்டருக்கு ஒரு மரக்கட்டையை வைத்து அதில் ஆழத்தை எழுதுவார்கள். ஏழுக்கு நடுவே குறுக்குக்கோடு போட்டிருந்தால் அது நார்பர்ட். எழுத்து கோணலாக இருந்தால் அன்று குளிர் மைனஸ் நாற்பதுக்குக் கீழே போயிருக்கிறது. எழுத்து அழகாக இருந்தால் ஐயா நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

போன இலையுதிர்காலத்தில் ட்ரீனா நர்ஸிங் படிக்க பிரின்ஸ் ஆல்பர்ட் நகரத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் காத்திருக்க யாருமில்லை. ஆனாலும் பழக்கம் போகவில்லை. அவன் இரண்டு வாரம் வெறும் வீட்டில், நான் இரண்டு வாரம் வெறும் வீட்டில். இப்படி மாறி மாறிப் போவது இனி எதற்கு என்று ஒவ்வொரு முறையும் திடலில் கேட்டுவிட நினைப்பேன். விறகு எவ்வளவு இருக்கிறது, நாய்க்கு மருந்து போட்டாயா என்பதிலேயே பத்து நிமிடம் கரைந்துவிடும். உண்மையில் எனக்குப் பயம். தனியாக இருப்பது அவனுக்குப் பிடித்துப் போயிருந்தால்?

அன்று காலை நான் வந்து இறங்கியதும் பனிக்காற்று பிடித்துக்கொண்டது. விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். நார்பர்ட்டால் கிளம்ப முடியவில்லை.

"உங்க ரெண்டு பேரையும் ஒரே மேஜையில இன்னைக்குத்தான் பாக்கறேன். கல்யாண விருந்து ஏதும் சமைக்கணுமா?" என்றார் சமையல்காரர்.

"டீ போதும். இவ என்னை வச்சுக்கறாளா திருப்பி அனுப்பறாளான்னு இன்னும் தெரியல," என்றான் நார்பர்ட். நான் அவன் தட்டிலிருந்த உலர்ந்த கரிபு மான் இறைச்சியில் பாதியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

அவன் கடைசியாக நிரப்பிய பெட்டி மேஜையில் இருந்தது. கதிர் எண்ணும் கருவியைப் பாறைமேல் நகர்த்திக்கொண்டிருந்தாள் கிர்ஸ்டி. எங்கள் புவியியலாளர், முப்பது வயதுகூட ஆகாதவள். முந்நூற்றுப் பதினெட்டு என்று எழுதிய கட்டைக்கு அருகில் கருவி படபடவென்று துடித்தது. அங்கிருந்து முந்நூற்று இருபத்தொன்றுக்குப் போகப்போக அடங்கிவிட்டது.

"யுரேனியம் இருந்தது, ஆனா முடிஞ்சு போச்சு அடெலின். கீழ ஒண்ணுமில்ல. இயந்திரத்தை நாளைக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்தச் சொல்றேன். ஏரிப் பனி இயந்திரத்தை இன்னும் பத்து நாள்தான் தாங்கும்," என்றாள்.

"இரு கிர்ஸ்டி. எனக்கு ஒரு நிமிஷம் கொடு."

உடைந்த கிண்ணத்தைச் சேர்ப்பதுபோல் முதல் துண்டை, அதற்கு முந்தைய வரியின் கடைசித் துண்டோடு வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. மூன்று மீட்டரின் கடைசித் துண்டை எடுத்து அதே இடத்தில் வைத்தேன். பல்லோடு பல் சேர்ந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது.

பாறையை மேலே கொண்டுவரும் குழாயைத் தட்டும்போது முதலில் விழுவது பாறையின் அடிப்பகுதி. அதைப் பெட்டியில் கடைசியாக வைக்க வேண்டும். இதை முதலில் வைத்துவிட்டிருந்தார்கள். மூன்று மீட்டரும் தலைகீழ்.

கட்டையில் நார்பர்ட்டின் கையெழுத்து. இவ்வளவு காலத்தில் நான் அவனிடம் ஒரு தப்பும் பார்த்ததில்லை. தப்பே செய்யாத ஆள் என்பதுதான் முகாமில் அவனுக்கிருந்த பெயர். ஆனால் பாறை பொய் சொல்லாதபோது நான் மட்டும் எப்படிச் சொல்வது?

கதவைத் திறந்துகொண்டு அவனே வந்தான். என் கையிலிருந்த துண்டைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் தொப்பியைக் கழற்றினான்.

"நான் அடுக்கினதுதான் கிர்ஸ்டி. தலைகீழா அடுக்கிட்டேன். தப்பு என்னோடது, உதவிக்கு நின்ன பையனோடது இல்ல."

"நீங்களா? எப்படி?"

"கடைசிக் குழாய். அதைத் தட்டிட்டிருக்கும்போதே விமானச் சத்தம் கேட்டுது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "திடல் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. இவளோட பத்து நிமிஷத்துல ரெண்டு நிமிஷம் போயிடுமேன்னு அள்ளி வச்சுட்டு ஓடிட்டேன்."

கிர்ஸ்டி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, காகிதத்தில் எதையோ தேடுபவள்போல் குனிந்துகொண்டாள்.

மூவருமாகத் துண்டுகளை மாற்றி அடுக்கினோம். அவன் எடுத்துக் கொடுக்க, நான் பொருத்தினேன். ஒரே பெட்டியில் எங்கள் இருவரின் கைகளும் இருந்தது அதுதான் முதல் தடவை. கிர்ஸ்டி மறுபடி கருவியை நகர்த்தினாள். மௌனம். மௌனம். பிறகு ஒரு சொடுக்கு, நாலைந்து, கடைசித் துண்டில் நிற்காத மழை.

"முடிஞ்சு போகல. இங்கதான் ஆரம்பிக்குது," என்றாள் கிர்ஸ்டி. "இயந்திரம் எங்கயும் நகராது." வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

மதியம் காற்று ஓய்ந்தது. ஏரி முழுக்க நீலமாகத் தெளிந்து கிடந்தது. ஊருக்குப் போகும் ஆட்கள் பைகளோடு வரிசையில் நின்றார்கள். நார்பர்ட் விறகைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். விமானத்தின் விசிறி சுழன்று எங்கள்மேல் பனித்தூளை வாரி இறைத்தது. என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, கேட்பதற்காக அவன் காதுமூடியைத் தூக்கினான். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும் அளவுக்குக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நார்பர்ட், உன் வாரத்தை மாத்திக்கோ. நான் வர்ற விமானத்துலயே நீயும் வா. நான் வீட்டுக்குப் போறப்ப என்கூட வீட்டுக்கு வா."