டீச்சர் போட்ட கட்டம்

கணக்கு டீச்சருக்கு ஒரு பழக்கம். எதையும் கட்டம் போட்டு எழுதாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். துணி துவைக்கிற நாளுக்குக்கூட வீட்டில் ஒரு கட்டம் உண்டு. இப்படிப்பட்டவள் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களின் இணையக் குழுவில் சேர்ந்தால் சும்மா இருப்பாளா? சேர்ந்த மூன்றாம் மாதமே காய்ச்சல் மருந்துக்கு ஒரு கட்டம் போட்டுவிட்டாள். இடப்பக்கம் குழந்தையின் எடை, வலப்பக்கம் எத்தனை மில்லி, அடியில் ஆறு மணிக்கொரு தடவை இரண்டு நாள் என்று ஒரு குறிப்பு, மேலே மருந்து பாட்டிலின் கரடிப் படம். தன் வீட்டு அலமாரியில் இருந்த பாட்டிலைப் பார்த்துப் போட்ட கணக்கு. இரண்டு முறை சரிபார்த்தாள். ஒரு புள்ளி தப்பில்லை.

குழுவில் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. முயல்குட்டி அம்மா, ரெட்டைவால் அம்மா, தூக்கம் கெட்டவள் என்று ஆளுக்கொரு பட்டம். இவள் வெறும் 'டீச்சர்'. அந்தச் சொல்லுக்கு அங்கே இருந்த மரியாதை டாக்டருக்குக்கூட இல்லை. டாக்டர் மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். டீச்சர் எப்போது கேட்டாலும் பதில் சொல்வாள். கட்டத்தை நிர்வாகி குழுவின் உச்சியில் ஒட்டி வைத்தாள். யார் வந்து அழுதாலும், மேலே பாருங்க என்று நாலு பேர் கைகாட்டினார்கள். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துதான் போயிற்று, பொய் சொல்வானேன்.

அந்தச் சனிக்கிழமை காலை அவள் மகளுக்கே உடம்பு அனலாகச் சுட்டது. வீட்டில் பாட்டில் காலி. தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினாள். சிரப் தீர்ந்துவிட்டது, சொட்டு மருந்துதான் இருக்கிறது என்றார் கடைக்காரர். அதே கம்பெனி, அதே கரடி, பாட்டில் மட்டும் சின்னது. வாங்கிக்கொண்டு திரும்பியவளை நிறுத்தி, அட்டையின் மேல் பேனாவால் ஒன்றரை மில்லி என்று எழுதினார். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. எப்போதும் ஆறு மில்லி கொடுக்கிறேனே என்றாள்.

"அது சிரப்புக்கு டீச்சரம்மா. இது கைக்குழந்தைங்க துப்பிடக் கூடாதுன்னு கொஞ்சத்துக்குள்ள அடைச்சு வெச்சது. நாலு மடங்கு வீரியம். இதையும் அந்த அளவே கொடுத்துக்கிட்டே இருந்தா ஈரல் போயிடும். கொடுமை என்னன்னா, மொத நாள் ஒண்ணுமே தெரியாது. காய்ச்சல் விட்டுடும், பிள்ளை விளையாடும்."

டீச்சர் தன் கட்டத்தை நினைத்துப் பார்த்தாள். கட்டத்தில் கரடி இருக்கிறது. சிரப்பா, சொட்டா என்ற ஒரு வார்த்தை இல்லை. அவள் வீட்டில் ஒரே பாட்டில்தான் இருந்தது. ஊரிலும் அது ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டாள், பெரிய கணக்குப் புலி!

கடைப் படியிலேயே உட்கார்ந்து போனைத் திறந்தாள். கட்டத்தின் கீழே வரிசையாக நன்றி. கடைசியாக முயல்குட்டி அம்மா, நேற்றுக் காலை. எட்டு மாசக் குழந்தை, காய்ச்சல் ஓடியே போச்சு, கூட வந்த குட்டிக் குழாய் எதுக்கும் பத்தலை, தூக்கிப் போட்டுட்டு ஸ்பூன்ல அஞ்சு மில்லி அளந்தேன் என்று எழுதியிருந்தாள். ராத்திரி இன்னொரு வரி: பாட்டில் சின்னது, ஒரே நாள்ல தீர்ந்துடுச்சு, இன்னொண்ணு வாங்கியாச்சு. கூடவே மூன்று பூப் படங்கள்.

டீச்சர் எல்லோருக்குமாக எழுதினாள். கட்டம் தப்பு, யாரும் பார்க்க வேண்டாம், முயல்குட்டி அம்மா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும். போட்டதுதான் தாமதம், குழு பொங்கி எழுந்தது. என் ரெண்டும் அந்தக் கட்டத்திலேதான் வளர்ந்தது, ஏன் சும்மா கிலி கிளப்புறீங்க என்றாள் ரெட்டைவால் அம்மா. டீச்சர் இப்படிப் பேச மாட்டாங்க, யாரோ அவங்க கணக்கைத் திருடிட்டாங்க என்று இன்னொருத்தி துப்பறிந்தாள். பாவி மக்கள், டீச்சர் மேல் இருந்த நம்பிக்கையாலேயே டீச்சரை நம்பவில்லை. நிர்வாகி அவள் எழுதியதை அழித்தாள். கட்டம் உச்சியில் அப்படியே இருந்தது.

முயல்குட்டி அம்மாவுக்குத் தனியாக எழுதினாள். பதிலுக்கு ஒரு வீடியோ வந்தது. குழந்தை தட்டைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தது. பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கா, காலையில ரெண்டு தடவை வாந்தி, பல்லு முளைக்குது போல என்று கீழே எழுதியிருந்தாள். குழந்தைக்குப் பின்னால் மேஜைமேல் இரண்டு கரடி பாட்டில்கள். டீச்சர் அழைப்புப் பொத்தானை அழுத்தினாள். நாலாவது தடவைதான் முயல்குட்டி அம்மா எடுத்தாள்.

"நீங்க நெஜமாவே டீச்சரா? குழுவில வேற மாதிரி சொல்றாங்களே."

"நான்தாம்மா. அந்தக் கட்டம் நான் போட்டது, தப்பும் என்னோடது. எத்தனை வேளை கொடுத்தீங்க?"

"அஞ்சு. காய்ச்சல் விட்டாலும் ரெண்டு நாள்னு போட்டிருந்தீங்களே. இப்ப ஆறாவது ஸ்பூன் ஊத்திக் கையில வெச்சிருக்கேன்."

"கீழ கொட்டுங்க. பாட்டிலை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. உங்க கால்ல விழறேன், இப்பவே கிளம்புங்க."

அந்தப் பக்கம் தொட்டியில் ஸ்பூன் விழுகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து மகளுக்கு ஒன்றரை மில்லியை மூன்று தடவை அளந்து பார்த்துக் கொடுத்தாள். மகள் தூங்கிவிட்டாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்குக் கட்டத்தின் கீழே புதிதாக ஒருத்தி நன்றி சொன்னாள். அவளுக்கும் எழுதினாள். பதில் இல்லை. நிர்வாகிக்கு ஏழு தடவை எழுதினாள். அதற்கும் இல்லை.

நாலு மணிக்கு முயல்குட்டி அம்மா கூப்பிட்டாள். அழுது ஓய்ந்த குரல். ரத்தம் எடுத்தார்களாம், ஈரல் வீங்கியிருக்கிறதாம். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தி மருந்து ஏற்றுகிறார்களாம். குழந்தை இப்போது கண் திறப்பதில்லை. மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்களாம். யார் சொல்லி இந்த அளவு கொடுத்தீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு எழுத நின்றிருக்கிறாள்.

"நான் உங்களைக் காட்டிக் கொடுக்கல டீச்சர். நீங்க கூப்பிடலைன்னா ஆறாவதையும் ஊத்தியிருப்பேன். காட்டிக் கொடுக்கணும்னாலும் எனக்கு உங்க பேரே தெரியாதே."

டீச்சர் வாயைத் திறந்தாள். பேர், பள்ளிக்கூடம், எட்டாம் வகுப்பு என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஒரே ஒரு வார்த்தைதான். அந்தத் தாளில் எழுத அது போதும். சொல்லியிருக்கலாம்.

"பாப்பாவைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.