மஞ்சள் பட்டை

அந்த வார்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஷார்மைனுக்குக் கிடைத்தது ஏழு நிமிடம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. புதன்கிழமை, காலை ஷிப்ட். அவள் லோக்கம் நர்ஸ். ஏஜென்சி வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால், கூப்பிட்ட இடத்தில் அன்றைக்கு மட்டும் வேலை. வெள்ளி செராஸ், திங்கள் கிள்ளான், இன்று இங்கே.

எட்டு வருட நிரந்தர வேலையை அவள் விட்டது அம்மா பாக்கியத்துக்காக. செவ்வாய், வியாழன், சனி கிள்ளானில் அம்மாவுக்கு டயலிசிஸ். பழைய ஆஸ்பத்திரி அந்த மூன்று நாளைத் தரவே இல்லை. லோக்கம் வேலை தந்தது. காய்ச்சல் வந்தால் லீவு கிடையாது, தவறு நடந்தால் பின்னால் நிற்க ஆள் கிடையாது. ஆனால் அந்த மூன்று நாளும் அவளுடையவை.

வார்டு சிஸ்டர் ஜெயமாலா ஐந்து பேர் வேலையை இரண்டு பேரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். லோக்கம் ஆட்களுக்கு அங்கே பெயர் முத்திரை இல்லை. தன்னுடையதையே மருந்து வண்டியில் வைத்துவிட்டாள்.

"ஊசி போட்டுட்டு மருந்துத் தாள்ல என் சாப்ப குத்திடு. எல்லா லோக்கமும் அப்படித்தான் லா."

பத்து மணி. பதினான்காம் கட்டில். தம்பு, எழுபத்திரண்டு வயது, நிமோனியா. மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. கீழே விழக்கூடியவர். ஷார்மைன் கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளையும் உயர்த்தினாள்.

"நான் என்ன தொட்டில் பிள்ளையோ, மிஸ்ஸி?"

"விழுந்தீங்கன்னா என்னால தூக்க முடியாது அங்கிள்."

தம்பு சிரித்தார். அவள் மருந்தை ஏற்றினாள். முத்திரை குத்தினாள்.

நான்கே நிமிடம். உதடு வீங்கியது. கழுத்தெல்லாம் தடிப்பு. மூச்சு விசில் போல இழுத்தது. ஷார்மைன் மணியை அழுத்திவிட்டு அவசர மருந்து வண்டியைத் தேடி ஓடினாள். முதல் கதவைத் திறந்தாள். படுக்கை விரிப்புகள். இரண்டாவது, துடைப்பக்கட்டை. மூன்றாவது கதவுக்குப் போவதற்குள் ஜெயமாலாவே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

தம்புவை ஐசியூவுக்குக் கொண்டுபோன பிறகு ஜெயமாலா கேட்டாள், மிக மெதுவாக.

"மஞ்சள் பட்டைய பார்க்கலையா? மருந்து அலர்ஜி."

கிள்ளான் ஆஸ்பத்திரியில் மஞ்சள் என்றால் விழக்கூடியவர். இங்கே மஞ்சள் அலர்ஜி. அந்த ஏழு நிமிடத்தில் அதை யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அலர்ஜி என்று எழுதிய பக்கம் கவுண்டர் கோப்பில் கிடந்தது. முந்தைய இரவு போனிலேயே மருந்து எழுதச் சொன்ன டாக்டரும் லோக்கம்தான்.

ஒன்று இருபதுக்கு தம்பு இறந்துவிட்டார்.

மேட்ரன் மருந்துத் தாளைப் பார்த்தாள். ஜெயமாலாவின் முத்திரை. அவளைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே போகுமுன் ஜெயமாலா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று ஷார்மைன் பயந்தாள். சொன்னால், ஜெயமாலாவுக்கு முத்திரையைக் கடன் கொடுத்த குற்றம். சொல்லாவிட்டால், ஓர் உயிரைக் கொன்ற பழி. எதைத் தேர்ந்தெடுத்தாளோ, ஷிப்ட் முடிந்த இரண்டு மணிவரை ஷார்மைனை யாருமே கூப்பிடவில்லை.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

சென்ட்ரல் ஸ்டேஷன். கிள்ளான் ரயில் வர ஆறு நிமிடம். வாயைத் திறந்தால் லைசென்ஸ் போகும், எந்த ஏஜென்சியும் இனி கூப்பிடாது. திறக்காவிட்டால் அவள் அந்த வார்டுக்கு வந்துபோன ஒரு முகம், அவ்வளவுதான். பெயர்கூட மருந்துத் தாளில் இல்லை.

போன் அதிர்ந்தது. ஏஜென்சியின் வாட்ஸ்அப்.

"வெள்ளிக்கிழமை அதே வார்டு, ஓகேவா? அங்க சிஸ்டர் ஒருத்தர சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. அவங்க இடத்துக்கு அவசரமா ஆள் வேணும்."

ஷார்மைன் அதை இரண்டு முறை படித்தாள். ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. மூடியது. அவள் பிளாட்பாரத்திலேயே நின்றாள்.

பிறகு படியேறி, வந்த வழியே நடக்கத் தொடங்கினாள். மேட்ரன் அறை வாசலுக்குப் போனபோது அம்மாவின் அழைப்பு.

"நாளைக்கு டயலிசிஸுக்கு நீ வருவல்ல?"

"வரேன்மா." அவள் கதவைத் தட்டினாள். "இனிமே எல்லா நாளும் வீட்லதான் இருப்பேன்."