களக்காட்டு வோட்டு

"மகளுக்குச் சீதனமா ஆத்தையே அனுப்பப் போறீராமே, மெய்தானாவே?"

களக்காட்டுக் கோயில் வாசலில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். ஐயம்பெருமாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அன்று சுவாமி புறப்பாட்டில் அவருக்குப் பரிவட்டம் கட்டவில்லை. அவர் தகப்பனாருக்கும் பாட்டனாருக்கும் கட்டிய பரிவட்டம். அர்ச்சகர் தட்டோடு அவரைத் தாண்டிப் போய்விட்டார்.

சென்னைச் சட்டநிரூபண சபைக்கு ஓர் அங்கத்தினரை அனுப்ப வேண்டியிருந்தது. வோட்டு ஊராருக்குக் கிடையாது. போர்டுகளும் நகரசபைகளும் அனுப்பும் பதின்மூன்று பிரதிநிதிகளுக்குத்தான். ஆற்றுப்பாசன மிராசுதார்கள் தங்களில் ஒருவரையே நிறுத்தியிருந்தார்கள். எதிரே நின்றவர் பாளையங்கோட்டை வக்கீல் அப்பாத்துரை. நின்ற இருவருமே அந்தப் பதின்மூவரில் அடக்கம். ராதாபுரத்துப் பனங்காட்டுக்காரர்களையும் உவரிக் கடற்கரையையும் அவருக்குப் பின்னால் ஒரு கூட்டாகக் கட்டியவர் மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி உமர் பாரூக்.

கூட்டுக்கு ஒரே ஒப்பந்தம். மழைக்காலத்தில் களக்காட்டுப் பச்சையாற்றில் வீணாகப் போகும் வெள்ளத்தை ராதாபுரத்துக் குளங்களுக்குக் கால்வாய் வெட்டித் திருப்பினால் என்ன என்று வக்கீல் சபையில் கேட்க வேண்டும். கேள்வி கேட்பதற்கு மேல் அங்கத்தினருக்குப் பெரிய அதிகாரம் இல்லை. ஆனால் கேட்டால் சர்க்கார் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

களக்காட்டு வோட்டு மிராசுதார்களுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த வோட்டை வைத்திருந்த ஐயம்பெருமாள் மாறினார். மாப்பிள்ளைக்குச் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் என்று மகள் சுடலைவடிவை ராதாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். போன கோடையில் பாதாளக் கிணற்றில் நீர் இறைக்கையில் அவள் வயிற்றுப்பிள்ளை கலைந்துபோனது. வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த பெண். பார்க்கப் போனவரிடம் அவள் அழக்கூட இல்லை. "இங்கன எல்லாருக்கும் இப்படித்தாம்ப்பா" என்றாள்.

வோட்டு நாளன்று திருநெல்வேலியில் உமர் பாரூக் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்களையும் சேத்து நம்ம பக்கம் ஏழு. அல்லா மேல ஆணையா, ஒண்ணு கொறஞ்சாலும் போச்சு."

"நான் மாற மாட்டேன்வே. ஊருக்குள்ள தலை காட்டவே வழியில்ல, இனி எங்க போய் மாற?"

அதிகாரி முன் ஒவ்வொருவராகப் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். எண்ணி முடித்ததும் அதிகாரி வாசித்தார். மிராசுதார் ஏழு. அப்பாத்துரை ஆறு.

உமர் பாரூக்கின் பார்வை முதலில் ஐயம்பெருமாள் மேல்தான் விழுந்தது. அந்தப் பார்வை பரிவட்டம் போனதைவிடச் சுட்டது.

வராந்தாவில் வக்கீல் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவரைப் பாக்காதேயும் பாரூக். அது என் வோட்டு."

"என்ன சொல்லுதிய?"

"தன் பேரைத் தானே எழுதுறது எப்படிய்யா? மிஷன் பள்ளிக்கூடத்துல சின்னதுலயே அடிச்சுச் சொல்லித் தந்தது, உன்னை நீ முன்னுக்குத் தள்ளாதேன்னு. மரியாதைக்கு எதிராளி பேரை எழுதினேன். அவரும் என் பேரை எழுதுவாருன்னு நெனைச்சேன். எங்க திருச்சபைக் கமிட்டியில அப்படித்தான் வழக்கம்."

"அவரு தன் பேரைத்தான் எழுதியிருக்காரு" என்றார் உமர் பாரூக். பிறகு மெதுவாகச் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. "இவ்வளவு நல்லவரைக் கூட்டிக்கிட்டு நான் சட்டசபைக்குப் போகப் பாத்தேனே."

ஐயம்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். திட்டுவதற்கு வக்கீல் ஒரு கெட்டவராகவாவது இருந்திருக்கலாம்.

களக்காட்டுக்குப் போகும் வண்டியில் அவர் ஏறவில்லை. மறுநாள் உச்சிவெயிலில் ராதாபுரத்தில் மகள் வீட்டு வாசலில் போய் நின்றார். சுடலைவடிவு ஓடி வந்தாள். வந்தவருக்கு முதலில் தண்ணீர் தர வேண்டும். செம்பு நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். கயிறு அறுத்த தழும்பு உள்ளங்கையில் கறுத்துக் கிடந்தது.

"எப்பா, கால்வா வருமா?"

அவர் செம்பை வாங்கி ஒரே ஒரு மிடறு குடித்தார். தொண்டை இன்னும் கேட்டது. மிச்சத்தைச் சிந்தாமல் அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"போதும்மா. பானையில ஊத்தி வையி."

அவள் செம்பைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், ஒரு சொட்டும் சிந்தாமல் பானையில் ஊற்றினாள்.