இரண்டாம் தோணி

1

இந்தக் கதை எனக்குக் கல்லடியில் ஒரு டயர்க் கடையில் கிடைத்தது. என் மோட்டார் சைக்கிள் டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரரைக் காட்டி, "அவர் ஒரு ராசா, தெரியுமா?" என்றாள் பக்கத்தில் நின்ற அவருடைய மகள் தக்ஷாயினி. நான் சிரித்தேன்.

"சிரியாதீங்க. நான் சின்ன ராசாத்தி. கதை எழுதுற ஆளெண்டா எழுதுங்க. ஆனா என்னைப் பாவமாக் காட்டினீங்களெண்டா, டயரில காத்தப் புடுங்கிருவன்."

ஆகவே தொடக்கத்தை மிகக் கவனமாக எழுதினேன். 'வாவி நடுவே ஒரு தீவு, தீவுக்கு ஒரு ராசா, ராசாவுக்கு இரண்டு —' வேண்டாம், பிள்ளைகளைத் தூங்கவைக்கிற வரி. 'இளையவளாய்ப் பிறப்பது எத்தனை பெரிய சோக —' அதையும் வெட்டிவிட்டேன். டயர் என்னுடையது.

[ராச்சியத்தை வரைபடத்தில் தேடாதீர்கள். வாவிக்குள் ஒரு சின்னத் தீவு, அதில் ஓர் அம்மன் கோயில், இக்கரையில் ஒரு வட்டை, அதாவது வயல்வெளி. அவ்வளவுதான். தீவு என் கற்பனை. தக்ஷாயினிக்கு அது இன்னும் தெரியாது.]

2

அப்பா நல்லரத்தினம் வருடம் முழுக்கக் கடைக்காரர், திருவிழாவன்று மட்டும் ராசா. அந்த வீட்டின் மூத்த பிள்ளைக்கு ஒரு கடமை இருந்தது. பட்டுக்குடையின் கீழ் முதல் தோணியில் தீவுக்குப் போய், திரைச்சீலைக்குப் பின்னாலிருக்கும் அம்மனிடம் இரகசிய வார்த்தை ஒன்றைச் சொல்லவேண்டும். சொன்னால்தான் வட்டை விளையும் என்று ஊர் நம்பியது. அந்த வார்த்தையை ராசா தன் மூத்த பிள்ளையின் காதில் மட்டும் ஓதுவார். இளைய பிள்ளை இரண்டாம் தோணியில், பொங்கல் பானையோடு.

தக்ஷாயினி பானையோடுதான் வளர்ந்தாள். அக்கா பிரஷாந்தியின் பழைய பாவாடை அவளுக்கு வந்தது. பழைய செருப்பு வந்தது. அக்காவுக்கு விழவேண்டிய அடியும் அவளுக்கே வந்தது, முதல் தோணியில் போகிற பிள்ளைமேல் கைவைக்கக் கூடாதாம். திருவிழாப் படங்களில் அவளுடைய முழங்கை மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

"அக்காட காதில என்ன சொன்னீங்க அப்பா?" என்று அவள் கேட்காத நாளில்லை.

"உனக்கு எதுக்குகா அது? பானையப் புடி," என்பாள் அம்மா கேதீஸ்வரி.

கேட்டுக் கேட்டு ஏலாமல், ஒருமுறை தானே ஒரு மந்திரம் செய்து கோழிக்கூட்டில் ஓதினாள். அன்றைக்கு முட்டை கூடியதென்று இன்றைக்கும் சாதிக்கிறாள்.

3

இந்த இடத்தில் எனக்கு அக்காமேல் சந்தேகம் வந்தது. அவளைத் திமிர்பிடித்தவளாக எழுதியிருந்தேன். கண்ணாடிமுன் நின்று குடைபிடித்துப் பழகுகிறவள் என்று ஒரு நல்ல காட்சிகூட இருந்தது. (நல்ல காட்சி. போகட்டும்.) நடந்தது வேறு.

இரண்டு போகம் தொடர்ந்து வெள்ளம் வந்து வட்டை அழிந்திருந்த வருடம் அது. திருவிழா விடியலில் பட்டுச்சேலையைக் கட்டிலில் எறிந்துவிட்டுப் பிரஷாந்தி தரையில் குந்தியிருந்தாள்.

"எனக்கு ஏலாதுடி. அப்பா காதில சொல்லக்குள்ள மேளம் அடிச்சாங்க. ஒண்டும் கேக்கல்ல. திருப்பிக் கேக்கப் பயம். இவ்வளவு காலமும் அம்மனுக்கு முன்னால வாயை மட்டும் அசைச்சன்." அவள் அழத் தொடங்கினாள். "வட்டை அழிஞ்சது என்னாலதான்."

தக்ஷாயினிக்கு முதலில் வந்தது சிரிப்பு. அதை விழுங்கிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கப் பொறாமைப்பட்ட அந்த முதல் தோணியில் அக்கா இப்படித் தனியாகப் பயந்துபோய் இருந்திருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"சேலையத் தா," என்றாள். "நான் போறன். நீ பானையப் புடி."

4

அப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் சேலையில் வந்து நின்ற இளையவளைப் பார்த்து அவர் கை நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "இப்பயாவது அந்த வார்த்தையைச் சொல்லுங்க. பெலத்துச் சொல்லுங்க," என்றாள்.

அப்பா கதவைச் சாத்தினார்.

"எனக்கும் தெரியாது மகள்."

"என்னப்பா?"

"நானும் இளையவன்தானே. வார்த்தை உங்கட பெரியப்பாக்குத்தான் தெரியும். அவர் லண்டனுக்குப் போயிட்டார். போன் எடுத்துக் கேட்டன். 'மறந்து போச்சு தம்பி' எண்டு வச்சிட்டார்."

"அப்ப மறுகா அக்காட காதில என்னதான் சொன்னீங்க?"

ராசா நிலத்தைப் பார்த்தார். "'பாத்து இறங்கு, பாசி வழுக்கும்' எண்டு சொன்னன்."

இம்முறை அவள் சிரிப்பை விழுங்கவில்லை. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே பட்டுக்குடையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

5

முதல் தோணியில் சின்னவள் ஏறியதைக் கண்டு கரை முணுமுணுத்தது. "மூத்தவளுக்குக் காய்ச்சல்," என்றார் ராசா. காய்ச்சல்காரி இரண்டாம் தோணியில், படையலுக்கு வைத்திருந்த வடையைத் தின்றுகொண்டு வந்தாள். இத்தனை வருடத்தில் அக்கா தோணியில் சிரித்ததை அன்றுதான் கண்டதாகத் தக்ஷாயினி சொல்கிறாள்.

தீவில் இறங்கினாள். திரைக்குப் பின்னால் தனியாகப் போனாள். கர்ப்பூரப் புகையில் அம்மன் முகம் தெரியவில்லை. வெள்ளத்தில் விதைநெல்லை இழந்தவர்கள் வெளியே கைகூப்பி நின்றார்கள். விளையாட்டு அத்தோடு போய்விட்டது. அவள் வாய் திறந்தாள். வாயை அசைக்கவில்லை, சொன்னாள்.

என்ன சொன்னாள்?

முடிவு ஒன்று: மன்னிப்புக் கேட்டாள். இரண்டு: கோழிக்கூட்டு மந்திரத்தை ஓதினாள். மூன்று: 'தாயே, எங்களுக்கு ஒண்டும் தெரியாது, நீயே பாத்துக்கொள்' என்றாள். மூன்றையும் கடையில் வைத்து வாசித்துக் காட்டினேன். டயர் கழற்றுகிற கம்பியைத் துடைத்தபடி, "இல்ல, இல்ல, இல்லவே இல்ல," என்றாள் தக்ஷாயினி.

அந்தப் போகம் வட்டை சுமாராக விளைந்தது. முணுமுணுத்த ஊர், அடுத்த திருவிழாவில் இரண்டு பெண்களையும் முதல் தோணியில் ஏறச் சொன்னது. பானைக்கு ஆள் இல்லாமல் இரண்டாம் தோணியில் ராசாவே போனார். தக்ஷாயினி அந்த வார்த்தையை அக்காவின் காதில் சொல்லிக்கொடுத்துவிட்டாள், மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு. அப்பாவுக்குச் சொல்லவில்லை. எனக்கும் இல்லை.

ஆகவே இடம் விட்டிருக்கிறேன். திரை மூடியிருக்கிறது, பக்கத்தில் யாருமில்லை. உங்களுக்கு ஒரு வார்த்தை தோன்றினால் இதற்குள் சொல்லிவிட்டுப் போங்கள்:

[                              ]

கொஞ்சம் மெதுவாக. ராசா ஒட்டுக்கேட்கிறார்.